நாலடியில் தொடங்கி இரண்டரை அடியில் நின்ற பிரிண்ட்

கும்பகோணம் வீட்டுக் கூடத்தில், பழைய நெகட்டிவ் ஒன்றை ஸ்கேன் செய்து அடித்த கல்யாணப் படத்தை மாட்டி மூன்று வாரம் ஆகிறது. 30 அங்குல அகலம், 22 அங்குல உயரம், சுற்றிலும் ஒரு அங்குல வெள்ளை விளிம்பு. இந்த அளவுக்கு வந்து சேர எனக்கு ஐந்து மாதமும், வீணாகப்போன ஒரு நாலடிப் பிரிண்ட்டும் ஆயின. ஸ்கேனர் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை வைத்துக் கணக்குப் போட்டால் பெரிய நெகட்டிவ் எந்தச் சுவரையும் நிரப்பிவிடும். அந்தக் கணக்கு எங்கே உதவியது, எங்கே கைவிட்டது என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

படம் 1966 ஆவணியில் எடுத்தது. சித்தப்பாவின் கல்யாணக் குரூப் போட்டோ. எடுத்தவர் என் பெரியப்பா. இதே ஊரில் முப்பது வருஷம் ஸ்டுடியோ வைத்திருந்தார். ஆலப்புழையில் செய்த வாகீஸ்வரி மரக் கேமரா, 21 சென்டிமீட்டர் டெஸார் லென்ஸ். இரண்டும் இன்றும் அலமாரியில் இருக்கின்றன. ஃபிலிம் ஆஃப் பிளேட் அளவு, அதாவது ஆறரைக்கு நாலே முக்கால் அங்குலம். கேமராவில் ஃபிலிமைப் பிடிக்கும் ஹோல்டர் ஓரத்தில் மறைத்த பகுதி போக, படம் விழுந்த இடம் 6.3க்கு 4.6 அங்குலம்.

கல்யாணப் பந்தலுக்கு முன்னால் நாலு வரிசையில் 34 பேர். தம்பி கல்யாணம் என்பதால் தானும் படத்தில் இருக்க வேண்டும் என்று, எல்லாரையும் நிறுத்தி ஃபோகஸ் வைத்துவிட்டு, ஷட்டரை இயக்கும் ரப்பர் பல்பை உதவியாளர் கையில் கொடுத்துவிட்டுப் பெரியப்பா ஓடிப்போய் நிற்கும் வரிசையின் இடது கோடியில் நின்றிருக்கிறார். அம்மா சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

வீட்டில் மாட்டியிருந்த 12க்கு 10 பிரிண்ட்டை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. சித்தப்பாவின் எண்பதாம் கல்யாணத்துக்குள் புதிதாக ஒன்று போட வேண்டும் என்று பேச்சு வந்தபோது, சித்தப்பா மகள், என் தங்கை, "நல்லா பெருசா போடுண்ணா, ஊஞ்சலுக்கு மேலே நாலடி இடம் காலியாத்தானே இருக்கு" என்றாள். நாலடி என்ற எண் அங்கேதான் பிறந்தது.

நெகட்டிவ் ஓர்வோ ஃபிலிம் பெட்டி ஒன்றில், எண்ணெய்க் காகித உறையில் இருந்தது. பெட்டியைத் திறந்ததும் முகர்ந்து பார்த்தேன். அசிடேட் ஃபிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் வினிகர் நெடி அடிக்கும், அப்புறம் சுருங்கும், வளையும். இதில் நெடி இல்லை. மேல் ஓரத்தில் மட்டும் விரல் நக அளவுக்குப் பூஞ்சை. எமல்ஷன் பக்கத்தை, அதாவது படம் பதிந்திருக்கும் பூச்சுப் பக்கத்தை, சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபோது முகங்களின் மேல் பென்சில் கோடுகள் மின்னின. அந்தக் காலத்தில் நெகட்டிவ் டச்சிங் இல்லாமல் ஸ்டுடியோவிலிருந்து படம் வெளியே போகாது. கன்னக் குழி, கண்ணுக்குக் கீழே கருமை, நெற்றிச் சுருக்கம் எல்லாம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த இடங்களில் கடினப் பென்சிலால் பொடிப் பொடியாகக் கோடு போட்டு அடர்த்தியாக்குவார்கள். பென்சில் பிடிப்பதற்காக முதலில் ஒரு வார்னிஷ் தடவுவார்கள்.

சுத்தம் செய்வதற்கு முன் அதே பெட்டியில் இருந்த, யாருக்கும் வேண்டாத ஒரு கெட்டுப்போன நெகட்டிவில் முயன்று பார்த்தேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சை எமல்ஷன் பக்கத்தில் ஒருமுறைதான் இழுத்தேன். பஞ்சு சாம்பல் நிறமாகிவிட்டது. வார்னிஷும் பென்சிலும் சேர்ந்து வந்துவிட்டன. கல்யாணப் படத்தில் நேராக இதைச் செய்திருந்தால் பெரியப்பா ராத்திரி கண்விழித்துச் செய்த வேலையை நானே துடைத்து எறிந்திருப்பேன். அதனால் எமல்ஷன் பக்கத்துக்கு ஊதும் பல்பும் மெல்லிய பிரஷும் மட்டும். ஆல்கஹால், வழவழப்பான பின்பக்கத்துக்கு மட்டும். பூஞ்சையைத் தொடவே இல்லை.

ஸ்கேனர், செகண்ட் ஹேண்டில் 26,000 ரூபாய்க்கு வாங்கிய எப்சன் வி700. இதில் இரண்டு லென்ஸ் உண்டு. நெகட்டிவைக் கண்ணாடி மேலேயே வைத்து ஸ்கேன் செய்தால் ஒரு லென்ஸ், ஹோல்டர் என்ற சட்டத்தில் சற்றே உயர்த்தி வைத்தால் இன்னொரு லென்ஸ். இரண்டாவதுதான் நுணுக்கமானது. அது பார்க்கும் அகலம் 5.9 அங்குலம்தான், ஆனாலும் ஃபிலிமின் குறுகிய பக்கம் அதில் அடங்கிவிடும். ஆஃப் பிளேட்டுக்கென்று ஹோல்டர் கிடையாது என்பதால் முதல் தடவை கண்ணாடி மேலேயே வைத்தேன். மூன்று தவறு ஒன்றாக நடந்தது. ஃபிலிமின் வழவழப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்ட இடமெல்லாம் தண்ணீரில் கல் போட்டது போல வளையம் வளையமாக விழுந்தது. நுணுக்கம் குறைந்த லென்ஸில் ஸ்கேன் ஆனது. அதோடு தூசியைத் தானாக நீக்கும் வசதியை அணைக்க மறந்துவிட்டேன். அது அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடிக்கும். கறுப்பு வெள்ளை ஃபிலிமின் வெள்ளி அந்தக் கதிரையும் மறைப்பதால் சட்டை மடிப்பையும் மீசையையும் தூசி என்று எண்ணி அழித்து வைத்திருந்தது.

அப்புறம் சொந்தமாக ஹோல்டர் செய்தேன். சைன் போர்டு கடையில் 2 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை, உள்ளே ஆறே முக்காலுக்கு ஐந்து அங்குலம் திறப்பு விட்டு வெட்டித் தரச் சொன்னேன். முதலில் அந்தத் திறப்பின் விளிம்பில் ஃபிலிமை ஒட்டித் தொங்கவிட்டேன். ஓரம் கூர்மையாகவும் நடு மங்கலாகவும் வந்தது. அறுபது வருஷ ஃபிலிம் நடுவில் தொய்கிறது. அதைத் தட்டையாக்க, படம் ஃபிரேம் போடும் கடையில் கண் கூசாத கண்ணாடி என்று ஒன்று வாங்கி மேலே வைத்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடியின் சொரசொரப்பு வானம் முழுக்க மணலாகப் பதிந்தது. அதுவும் போயிற்று.

கடைசியில் சரியாக வந்தது இப்படி. சாதாரணத் தெளிந்த 2 மில்லிமீட்டர் கண்ணாடி ஒன்றின் அடிப்பக்கத்தில், ஃபிலிமின் எமல்ஷன் பக்கம் கண்ணாடியைத் தொடுமாறு வைத்து, நாலு ஓரமும் இழுத்து ஒட்டினேன். எமல்ஷனும் அதன் மேலிருக்கும் பென்சில் வேலையும் வழவழப்பாக இல்லாததால் வளையம் விழவில்லை. வழவழப்பான பக்கம் கீழே ஸ்கேனரைப் பார்க்கிறது, ஆனால் அதை எதுவும் தொடவில்லை. ஒட்டியது மெல்லிய பாலியஸ்டர் டேப். ஒவ்வொரு துண்டையும் முதலில் சட்டையில் இரண்டு தடவை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொண்டேன். படம் இல்லாத ஓரத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் டேப் ஏறக்கூடாது. பழைய ஃபிலிமில் டேப் ஒட்டுவது ஆபத்துதான். வேறு வழி தெரியாமல் செய்தேன், கழற்றும்போது டேப்பைப் பின்பக்கமாக மடித்து மிக மெதுவாக உரித்தேன், சேதம் இல்லை.

உயரம் அடுத்த வேலை. நுணுக்கத்தை அளக்க மெலிந்துகொண்டே போகும் கோடுகள் உள்ள, ஃபிலிமில் அச்சிட்ட 1951 அமெரிக்க விமானப்படை டெஸ்ட் சார்ட் ஒன்றை 3,800 ரூபாய்க்கு வரவழைத்து, அதே கண்ணாடியில் ஒட்டி, அக்ரிலிக் தகட்டின் அடியில் விசிட்டிங் கார்டு வைத்து உயர்த்தினேன். வெர்னியரில் அளந்தால் ஒரு கார்டு 0.3 மில்லிமீட்டர். கார்டு இல்லாமல் 2.0, அப்புறம் 2.3, 2.6, 2.9, 3.2, 3.5 என்று ஆறு ஸ்கேன். 2.9இல் மில்லிமீட்டருக்கு 45 கோட்டு ஜோடி (ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் சேர்ந்தது ஒரு ஜோடி) வரை பிரிந்து தெரிந்தது. 2.0இல் 32தான். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயர வித்தியாசத்தில் நுணுக்கத்தில் கால் பங்குக்கு மேல் போய்விடுகிறது. 45 ஜோடி என்றால், ஜோடிக்கு இரண்டு புள்ளி வீதம், அங்குலத்துக்குச் சுமார் 2,300 புள்ளி. பெட்டியில் எழுதியிருப்பது 6,400. எனக்கு வேண்டியது 2,300 என்ற உண்மையான எண். அதனால் 3,200இல் 16 பிட்டில் ஸ்கேன் செய்து 2,400க்குக் குறைத்து வைத்துக்கொண்டேன். 15,120க்கு 11,040 புள்ளி, கோப்பு 330 மெகாபைட் சொச்சம்.

இங்கேதான் கணக்கு என்னை இழுத்துக்கொண்டு போனது. பிரிண்ட்டில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 2,300ஐ 300ஆல் வகுத்தால் ஏழரை மடங்குக்கு மேல். 6.3 அங்குலத்தை அவ்வளவு பெரிதாக்கினால் 48 அங்குலம். தங்கை கேட்ட அதே நாலடி! சென்னை லேப் ஒன்றில் 36 அங்குல ரோலில், லேசாக மினுக்கும் லஸ்டர் காகிதத்தில் 48க்கு 35 அடித்தேன். சதுர அடி 260 ரூபாய் வீதம் 12 சதுர அடி, 3,120 ரூபாய். லேப் வேலையில் ஒரு குறையும் இல்லை.

ஊருக்குக் கொண்டுபோய்ச் சுவரில் தற்காலிகமாக ஒட்டினோம். ரேழியிலிருந்து பார்த்தபோது எல்லாருக்கும் மனசு நிறைந்தது. பந்தல் தோரணம், சித்தியின் ஒட்டியாணம், வாசல் தூண் எல்லாம் பளிச்சென்று இருந்தன. பிறகு அத்தை வந்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நேராகச் சுவரை ஒட்டிப் போய் நின்றார். ஒவ்வொரு முகமாக விரல் வைத்து, இது தஞ்சாவூர் மாமா, இது அவர் ரெண்டாவது பெண் என்று சொல்லிக்கொண்டே இடது கோடிக்கு வந்தவர், "அண்ணா முகம் ஏன்டா இப்படி அழிஞ்சு கெடக்கு?" என்றார்.

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். பெரியப்பாவின் முகம் 45 மில்லிமீட்டர் உயரத்துக்கு இருந்தது, ஆனால் கண்ணும் மீசையும் ஒன்றோடொன்று கரைந்திருந்தன. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை தலையை ஆட்டியதில் இரண்டு மூக்கு. நடுவில் சித்தப்பா, சித்தி கன்னங்களில் டச்சிங் கோடுகள் மீன் செதில் மாதிரி தெரிந்தன. பத்தடி தூரத்தில் இவை எதுவும் கண்ணில் படவில்லை.

பெரிய படத்தை எட்ட நின்றுதான் பார்ப்பார்கள், அதனால் அங்குலத்துக்கு 150 புள்ளி இருந்தால் போதும் என்று சொல்வதுண்டு. மலைக்கும் கோபுரத்துக்கும் அது சரியாக இருக்கலாம். குரூப் போட்டோவுக்கு அது செல்லாது. நம் வீடுகளில் குரூப் போட்டோவை யாரும் பார்ப்பதில்லை, படிக்கிறார்கள். விரல் வைத்து, வரிசை வரிசையாக. படம் எவ்வளவு பெரிதானாலும் படிக்கும் தூரம் மாறுவதில்லை.

அந்தப் பிரிண்ட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்து, கேள்வியை மாற்றிக்கொண்டேன். ஸ்கேனர் எவ்வளவு பார்க்கிறது என்பது தெரிந்தாயிற்று. நெகட்டிவில் எவ்வளவு இருக்கிறது? லைட் பாக்ஸில் வைத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் கண்ணாடியில் பார்த்தால் சித்தியின் புடவை ஜரிகையில் இழை தெரிந்தது, பெரியப்பாவின் கண் அங்கேயும் மங்கல்தான். ஸ்கேனரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

இதை எண்ணாக்க ஒரு எளிய வழி இருக்கிறது, யாரும் செய்யலாம். ஸ்கேனின் நகல் ஒன்றை 2,400இலிருந்து 2,000க்குக் குறைத்து, மறுபடி 2,400க்குப் பெரிதாக்கி, அசலின் மேல் ஒரு அடுக்காக வைத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் காட்டச் சொல்ல வேண்டும். வெறும் கிரெய்ன் (ஃபிலிமின் வெள்ளித் துகள்) மட்டும் தெரிந்தால், குறைத்ததில் எதுவும் தொலையவில்லை என்று பொருள். கோடு, விளிம்பு, எழுத்து என்று உருவம் தெரிந்தால் உண்மையான விவரம் தொலைந்திருக்கிறது. 1,800, 1,600, 1,400 என்று இறக்கிக்கொண்டே போனேன். நடுவில் 1,600க்குக் கீழே இறங்கியதும் ஜரிகைக் கோடுகள் எட்டிப் பார்த்தன. வலது ஓரத்தில் 1,200. பெரியப்பா நின்ற இடது கோடியில் 1,000 வரை இறக்கியும் முகத்தில் ஒன்றும் தொலையவில்லை. அவ்வளவுதான் அங்கே இருந்தது.

ஏன் என்று யோசித்தேன். வரிசையின் கோடி படத்தின் ஓரத்தில் விழுகிறது, அங்கே லென்ஸின் கூர்மை நடுவில் இருப்பதைவிடக் குறைவு. லென்ஸின் துளையைப் போதுமான அளவு மூடியிருக்கவும் முடியாது. பந்தல் நிழலில் எஃப் 22க்கு மூடினால் இன்னும் நீண்ட நேரம் 34 பேரும் அசையாமல் நிற்க வேண்டும். அவர் வேறு ஓடிவந்து நின்றிருக்கிறார், மூச்சு வாங்கியிருக்கும். கல்யாண வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு எடுக்கக்கூடியதில் இது நல்ல நெகட்டிவ் என்றே நினைக்கிறேன்.

ஆக, ஒரே நெகட்டிவில் நடுவில் 1,600, கோடியில் 1,000. 48 அங்குலத்தில் கோடிக்குக் கிடைப்பது அங்குலத்துக்கு 131 புள்ளி. 36 அங்குலத்தில் 175. 30இல் 210. 24இல் 262. இந்த எண்களில் எது போதும் என்று எந்தக் கணக்கும் சொல்லாது என்று இந்தத் தடவை தெரிந்திருந்தது.

முழுப் படம் அடிக்காமல் துண்டுகள் அடித்தேன். 48, 36, 30, 24 என்ற நாலு அளவிலும், அந்தந்த அளவில் இருக்க வேண்டிய அதே பெரிதாக்கத்தில், நாலு முகங்களை மட்டும் வெட்டி எடுத்து ஏ4 காகிதத்தில் போட்டேன். சித்தி, சித்தப்பா, இடது கோடியில் பெரியப்பா, பெஞ்சு மேல் நிற்கும் கடைசி வரிசையில் ஒருவர். எட்டுத் தாள், 880 ரூபாய். நாலடிப் பிரிண்ட்டுக்கு முன்பே இதைச் செய்திருக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தாள்களை ஊஞ்சலுக்கு மேலே, படம் வரப்போகும் அதே உயரத்தில் ஒட்டினேன். அளவைப் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தேன், யாருக்கும் சொல்லவில்லை. வந்தவர்களிடம் யார் யார் என்று சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். அவர்கள் தாமாக நின்ற இடத்தில் மூக்குக்கும் சுவருக்கும் இடையே டேப் வைத்து அளந்தேன். அம்மா 45 சென்டிமீட்டர். அத்தை 38. சித்தப்பா 42. தங்கை 35. அவள் மகன் 20, அவனுக்கு எட்டு வயசு. ஒருவர்கூட அரை மீட்டருக்கு வெளியே நிற்கவில்லை.

48இல் பெரியப்பாவை அடையாளம் சொல்ல அத்தை இரண்டடி பின்னால் வந்தார். 36இல் சொன்னார், ஆனால் தயங்கி. 24இல் எல்லாம் கூர்மை, ஆனால் முகம் 23 மில்லிமீட்டர்தான். அத்தை குனிந்து, கண்ணாடியை ஏற்றிப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தார். 30இல் நின்ற இடத்திலேயே நின்று, "இது அண்ணா" என்றார். முகம் 28 மில்லிமீட்டர், கட்டைவிரல் மேல் கணு அளவு. சித்தப்பாவும் அம்மாவும் 30 அல்லது 36 என்றார்கள். தங்கைக்கு மட்டும் 36தான் பிடித்தது, கடைசி வரை.

30 என்று முடிவு செய்ததில் இன்னொரு லாபமும் இருந்தது. உயரம் 22 அங்குலம் ஆகிறது, 24 அங்குல ரோலில் இருபுறமும் ஒரு அங்குலம் விளிம்பு விட்டுக் கச்சிதமாக உட்காருகிறது. 36க்குப் போயிருந்தால் அடுத்த பெரிய ரோல், அடுத்த பெரிய மெஷின், செலவும் ஒன்றரை மடங்கு.

முகங்களில் இருந்த டச்சிங்கைக் கம்ப்யூட்டரில் வழித்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். சித்தியின் கன்னத்தில் சோதனையாகச் செய்தும் பார்த்தேன். கோடு போனது, கூடவே முகமும் மெழுகு பொம்மை மாதிரி ஆனது. 30 அங்குலத்தில் 40 சென்டிமீட்டர் தூரத்தில் கோடுகள் தானாகக் கலந்துவிடுகின்றன, பெரியப்பா நினைத்தது போலவே. இன்னும் கிட்டப் போனால் தெரியும். தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். அது அவர் கை. நான் நீக்கியது தூசி, கீறல், பூஞ்சைப் புள்ளி மட்டும். அதற்கே ராத்திரி ராத்திரியாக ஒன்பது மணி நேரம் ஆனது.

கூர்மையாக்குவதை ஸ்கேனரிலும் செய்யவில்லை, 2,400 கோப்பிலும் செய்யவில்லை. பிரிண்ட் அளவுக்குக் குறைத்த பிறகு கடைசியில் ஒருமுறை. லேபில் இருந்தது எப்சன் மெஷின் என்பதால், அங்கே சொன்னபடி, 30 அங்குலத்துக்கு 360 புள்ளி வீதம் கோப்பைத் தயார் செய்தேன். கூர்மையாக்கும் அளவு 80, ஆரம் 1.2 புள்ளி. பெரியப்பாவின் முகத்துக்கு மட்டும் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். கண் தெளியவில்லை, கிரெய்ன் மட்டும் மணலாகத் திரண்டது. திரும்பக் குறைத்துவிட்டேன். மங்கலான முகத்தில் மிருதுவான கிரெய்ன் இருந்தால் கண் ஏற்றுக்கொள்கிறது, மணல் இருந்தால் ஏற்றுக்கொள்வதில்லை.

காகிதம் விஷயத்தில் லஸ்டரிலிருந்து பளபளப்பில்லாத மேட்டுக்கு மாறினேன். கூடத்துக்கு எதிரே முற்றம். பகல் முழுக்க அங்கிருந்து வரும் வெளிச்சம் நாலடி லஸ்டர் பிரிண்ட்டில் ஒரு வெள்ளைப் பட்டையாக விழுந்ததைப் பார்த்திருந்தேன். ஹானமூலே ஃபோட்டோ ராக், 308 கிராம், பருத்திக் காகிதம். மேட் காகிதத்தில் கறுப்பு லஸ்டர் அளவுக்கு ஆழமாக வராது. ஆண்களின் கோட்டும் தலைமுடியும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடாமல் இருக்க நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கினேன். 32க்கு 24 தாள், சதுர அடி 900 வீதம் 4,800 ரூபாய். ஃபிரேம் 4,200. பிரிண்ட் கண்ணாடியைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் போர்டு வைக்கச் சொன்னேன். காவிரிக்கரை ஈரத்தில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஹோல்டருக்கான அக்ரிலிக்கும் கண்ணாடியும் 430. ஸ்கேனர் நீங்கலாக, வீணானதையும் சேர்த்து மொத்தம் 17,230 ரூபாய்.

எண்பதாம் கல்யாணத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு படத்துக்கு முன்னால் ஒரு கும்பல் நின்றது. உயிரோடு இருக்கும் பதினொரு பேரும் தங்களைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். இரண்டு மூக்குக் குழந்தை இப்போது திருச்சியில் இருக்கும் அறுபத்து மூன்று வயது அண்ணன். அவருக்கு அவர் மூக்கு பிரச்சினையாக இல்லை.

இன்னொரு தடவை செய்தால் சிலதை மாற்றுவேன். டெஸ்ட் சார்ட்டை முதலிலேயே வாங்குவேன். அதைவிட முக்கியமாக, நெகட்டிவை முதலில் லூப்பில் ஓரம் ஓரமாகப் பார்த்து, படத்தில் யாருடைய முகம் மிக மங்கல், அந்த முகம் வீட்டாருக்கு எவ்வளவு முக்கியம் என்று கேட்டுக்கொண்டுதான் ஸ்கேனரையே திறப்பேன். துண்டுகளை லஸ்டரில் அடித்ததும் தவறு. கடைசியில் மேட்டுக்குப் போனதால் இருளை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. எந்தக் காகிதமோ அதிலேயே துண்டு. இன்னும் ஒன்று: ஹோல்டர் கண்ணாடியை ஒவ்வொரு தடவையும் துடைத்தாலும் தூசி வருகிறது. மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஸ்கேன் செய்தபோது பாதிக்குப் பாதி குறைவாக இருந்தது, இனி அப்படித்தான்.

அதே ஓர்வோ பெட்டியில் 1968 மகாமக நெகட்டிவ் ஒன்று கிடைத்திருக்கிறது. இதுவும் ஆஃப் பிளேட். குளத்தின் வடகரையில் ஏதோ மாடியில் ஸ்டாண்டு போட்டு, வெயிலில், லென்ஸை நன்றாக மூடி எடுத்தது. கரையிலுள்ள பதினாறு மண்டபங்களில் பாதிக்கு மேல் தெரிகின்றன, தண்ணீர் தெரியாத அளவுக்குத் தலைகள். அதே ஹோல்டர், அதே 2.9 மில்லிமீட்டர். குறைத்துப் பெரிதாக்கும் சோதனையில் 2,000க்குக் கீழே போனதுமே மண்டப விமானங்களின் விளிம்பு தெரிந்தது, மூலையிலும் ஏறக்குறைய அப்படியே. 42 அங்குலத்துக்கு அடித்தால் அங்குலத்துக்கு 300 புள்ளி, 44 அங்குல ரோலில் அடங்கும். இதை ஆறடி தள்ளி நின்று பார்ப்பார்கள் என்றும் தோன்றுகிறது. அந்தக் கூட்டத்தில் தன்னைத் தேட ஒவ்வொருவரும் கிட்டப் போவார்கள் என்றும் தோன்றுகிறது. நெகட்டிவில் ஒரு தலை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை.

துண்டுகள் வந்துவிட்டன, இந்தத் தடவை மேட்டில். அடுத்த ஞாயிறு அத்தை வருகிறார். அளக்கும் டேப்பை எடுத்து வைத்திருக்கிறேன்.